குரூப் ப்ராஜெக்ட்டா, அம்மா ப்ராஜெக்ட்டா? ஏழாம் வகுப்புக் குழுப்பணி பற்றி ஒரு புலம்பல்

நித்யமல்லி
வெள்ளி, இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் ஏழாம் வகுப்பு. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. சமூக அறிவியலில் 'நம் ஊர் ஏரி' என்று ஒரு குரூப் ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். குழுவுக்கு ஐந்து பேர், பத்து நாள் அவகாசம். ஒரு சார்ட், ஒரு மாடல், அப்புறம் வகுப்பின் முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

முதல் சனிக்கிழமை எங்கள் வீட்டில் கூடுவதாகப் பேச்சு. ஒரு பெண் கல்யாணத்துக்காகத் திருச்சி போய்விட்டாள். இரண்டு பேர் வந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், சார்ட்டுக்கு பார்டர் போட்டார்கள், டிவி பார்த்தார்கள், கிளம்பிவிட்டார்கள். ஐந்தாவது ஒரு பையன். அவன் ஒரு நாள்கூட வரவில்லை. போன் பண்ணினால் "வரேன் ஆன்ட்டி" என்பான், அவ்வளவுதான்.

கடைசி இரண்டு ராத்திரியும் நானும் மகளும் ஒரு மணி வரை உட்கார்ந்தோம். மெழுகுவத்தியில் கம்பியைக் காய்ச்சி தெர்மாகோல் வெட்டினோம். ஏரிக்கரை ஒட்டவில்லை. ஃபெவிகால் காய்வதற்குள் சரிந்துகொண்டே இருந்தது. என் கணவர் அதை அரை மணி நேரம் கையால் பிடித்துக்கொண்டு நின்றார், காலையில் ஆறு மணி ஷிஃப்ட் வேறு. செலவு 640 ரூபாய்.

ஐந்து நிமிடமும் மகளே பேசினாள். ஐந்து பேருக்கும் 20க்கு 18. எட்டிப் பார்க்காத பையனுக்கும் 18தான். ஆட்டோவில் வரும்போது குழந்தை தேம்பித் தேம்பி அழுதாள். இப்போது அறிவியலிலும் குரூப் வேலை வருகிறதாம். அதே ஐந்து பேர். "என் பெண் தனியாகவே செய்யட்டும்" என்று மிஸ்ஸிடம் போய்க் கேட்கலாமா?

கணினிக்காரன்
வெள்ளி, இரவு 11.05

அக்கா, பாப்பாவை இப்போதே பழக்கப்படுத்திவிடுங்கள். எங்கள் ஆபீஸில் இதற்குப் பெயர் டீம் ஒர்க். பஜ்ஜி சாப்பிட்ட இரண்டு பேர் நாளைக்கு மேனேஜர் ஆகிவிடுவார்கள்.

சாக்பீஸ் தூள்
சனி, காலை 6.20

வணக்கம் சகோதரி. திருவண்ணாமலை மாவட்டத்தில் அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன், 19 வருட சர்வீஸ். ஆறிலிருந்து எட்டு வரைதான் என் உலகம்.

பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்கிற வேலையை நான் குழுப்பணிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வகுப்பறையில் ஐந்து பேரும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். சாயங்காலம் மணி அடித்ததும் ஒருத்தி டியூஷனுக்கும், ஒருத்தன் மாடு பிடித்துக் கட்டவும், ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் போகிறார்கள். அதற்கப்புறம் குழு எங்கே இருக்கிறது? யார் வீட்டில் ஹாலும் பிரிண்டரும் சும்மா இருக்கிற ஒரு அம்மாவும் உண்டோ, அந்த வீட்டில்தான் ப்ராஜெக்ட் நடக்கும். சும்மா இருக்கிற அம்மா என்று சொன்னதற்கு அடிக்க வராதீர்கள், பள்ளிக்கூடம் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறது என்று சொல்ல வந்தேன்.

எங்கள் அரசுப் பள்ளிகளில் இது புதிதும் அல்ல. 2007-08 வாக்கில் ஆறு முதல் எட்டு வரை ஏ.எல்.எம். முறை, அதாவது படைப்பாற்றல் கல்வி, வந்தது. அறிமுகம், படித்தல், மனவரைபடம் (பாடத்தின் கருத்துகளைக் கோடு போட்டு இணைத்துக் காட்டும் படம்), தொகுத்து வழங்குதல் என்று படிப்படியாகப் போகும். அதில் உருப்படியான விஷயம் வரிசை. முதலில் பிள்ளை தனியாகப் படித்து, தன் நோட்டில் தானே ஒரு மனவரைபடம் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் குழுவில் உட்கார்ந்து ஐந்தையும் ஒன்றாக்க வேண்டும். வெறுங்கையோடு யாரும் குழுவுக்குள் வர முடியாது. ஆனால் நடைமுறையில் என்ன செய்தோம்? நேரம் போதவில்லை என்று தனியாகப் போடும் படியை விட்டுவிட்டோம். நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒன்று போட்டது, மற்ற நாலும் அதைப் பார்த்து எழுதின. அதிகாரி பார்வைக்கு வரும் நாளில் மட்டும் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு வட்டமாக உட்கார வைத்தோம்.

2012-13இல் வருஷத்தை மூன்றாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தது. நூறில் 60 தொகுத்தறி, அதாவது பருவ இறுதித் தேர்வு. 40 வளரறி, பருவம் நடக்கும்போதே வகுப்பில் போடுவது. அந்த 40இல் பாதி, செயல்பாடுகளுக்கு. குழுச் செயல்பாட்டுக்கு மதிப்பெண் என்று பதிவேட்டில் கட்டம் வந்துவிட்டது. பருவத்தின் கடைசி வாரம் அந்தக் கட்டங்களை எப்படி நிரப்பினோம் என்பதை இங்கே எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. மொத்தக் குழுவுக்கும் ஒரே எண்ணைப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். உங்கள் மகளுக்கு விழுந்த 18க்குப் பின்னாலும் அப்படி ஒரு கடைசி வாரம் இருக்கலாம்.

இப்போது நான் செய்வது ஒன்றுதான். நாலு பேர் குழு. ஆளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நம்பர். பேசி முடிக்கும்வரை யார் பதில் சொல்லப்போகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். முடிந்ததும் "எல்லாக் குழுவிலும் மூணாம் நம்பர் எந்திரி" என்பேன். முதல் வாரம் மூணாம் நம்பர்கள் திருதிருவென்று முழித்தன. இரண்டாவது வாரத்திலிருந்து, கெட்டிக்காரப் பிள்ளைகளே மற்றவர்களைப் பிடித்து உலுக்கிச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டன. சத்தம் பயங்கரமாக இருக்கும், பக்கத்து வகுப்பு டீச்சருக்கும் எனக்கும் இன்னும் பேச்சுவார்த்தை சரியில்லை.

எட்டாவது பி
சனி, காலை 9.48

இது எங்க அண்ணன் ஐடி. நான் எட்டாவது. லீடரை மிஸ்தான் செலக்ட் பண்ணுவாங்க, எப்பவும் ஃபர்ஸ்ட் ரேங்க்தான். நாங்க ஏதாவது எழுதப் போனா "உன் கையெழுத்து நல்லா இருக்காது, மார்க் போயிடும்"னு பேனாவை வாங்கிடுவா. எங்களுக்கு எப்பவும் பார்டர்தான். நான் மூணு வருஷமா பார்டர் போடறேன். அந்த ஆன்ட்டி வீட்டுக்கு வந்து பார்டர் போட்ட ரெண்டு பேரும் பாவம்.

ஐந்தாவது ஆள்
சனி, மதியம் 1.15

தம்பி எழுதியதைப் படித்ததும் நானும் எழுதலாம் என்று தோன்றியது. நான்தான் எல்லாக் குழுவிலும் இருந்த அந்த வராத ஆள்.

ஏழாவதில் என் அப்பாவுக்கு டீக்கடை. பள்ளி விட்டதும் கடைக்குப் போய் கிளாஸ் கழுவ வேண்டும், எட்டு மணி வரை. ஒரு தடவை குழுவில் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போடச் சொன்னார்கள். வீட்டில் கேட்கத் தைரியம் இல்லை. பணம் கொண்டுவரவில்லை என்று சொல்வதைவிட, மறந்துவிட்டேன் என்று சொல்வது சுலபம். அதைவிடச் சுலபம் வராமலே இருந்துவிடுவது. "சோம்பேறி" என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் எனக்குச் சௌகரியமாகவே இருந்தது, ஏனென்றால் சோம்பேறியிடம் யாரும் ஐம்பது ரூபாய் கேட்பதில்லை.

மார்க் எல்லாருக்கும் சமமாக வந்தது உண்மை. அந்த மார்க்கை வாங்கிக்கொண்டு அந்தக் குழுவில் இருந்த பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பதும் உண்மை. சகோதரி, அந்தப் பையன் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. சும்மா ஊர் சுற்றுகிறவனாகவும் இருக்கலாம். ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்
சனி, மாலை 5.30

இங்கே எல்லாரும் குழுப்பணியை எப்படிச் செய்வது என்றே பேசுகிறீர்கள். எதற்குச் செய்வது என்று யாரும் கேட்கவில்லை. 34 ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பத்தியைத் தானே படித்துப் பொருள் எடுத்து, நாலு வரி பிழையில்லாமல் எழுத வரவேண்டும். அதைக் கூட்டமாக உட்கார்ந்து செய்ய முடியாது. தெர்மாகோலில் ஏரி செய்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு தண்ணீர் திறந்துவிடும் மதகு எது, ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் கலங்கல் எது என்று தெரியும்? ஒருத்திக்கு. அவளுக்கும் அவள் தாயாருக்கும்.

கணக்கு டீச்சர்
சனி, இரவு 8.10

ஐயா சொன்னதில் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். தெர்மாகோலை ஒழிக்க ஒரு இயக்கம் ஆரம்பித்தால் முதல் கையெழுத்து என்னுடையது. மீதிப் பாதிக்குத்தான் பதில்.

கூட்டமாகச் செய்தால் ஆள் ஆளுக்குக் கையை விட்டுவிடுவார்கள் என்பதை நூறு வருஷத்துக்கு முன்பே அளந்து பார்த்திருக்கிறார்கள். மேக்ஸிமிலியன் ரிங்கெல்மன் என்று ஒரு பிரெஞ்சு வேளாண் பொறியாளர். கயிற்றைத் தனியாக இழுக்கச் சொன்னார், கூட்டமாக இழுக்கச் சொன்னார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது வந்த விசை, எட்டுப் பேரும் தனித்தனியாக இழுத்ததைக் கூட்டினால் வருவதில் ஏறக்குறைய பாதிதான். 1913இல் இது அச்சில் வந்தது. தேர்த்திருவிழா பார்த்த நமக்கு இதற்குப் பிரெஞ்சுக்காரர் வேண்டியதில்லை. வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, இழுக்கிற மாதிரி கூடவே நடந்து வருகிறவர்களை எண்ணினாலே போதும்.

1979இல் அமெரிக்காவில் லாட்டனே என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் இதையே கைதட்டலிலும் கூச்சலிலும் சோதித்தார்கள். அங்கேயும் கூட்டத்தில் ஆளுக்குக் கொஞ்சம் சத்தம் குறைந்தது. ஆனால் அதற்குப் பின் நடந்த சோதனையில் இன்னொன்று தெரிந்தது. யார் எவ்வளவு சத்தம் போட்டார்கள் என்று தனியாகத் தெரியும் என்று சொல்லிவிட்டால், அந்தச் சோம்பல் போய்விடுகிறது. சாக்பீஸ் தூள் சாரின் 'மூணாம் நம்பர்' வேலை செய்வது இதனால்தான்.

வகுப்பறையில் இதைச் சரிசெய்தவர்களும் இருக்கிறார்கள். 1971இல் டெக்ஸஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் இருந்த வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார வைக்கப்பட்டார்கள். அடிதடி. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் ஒரு பாடத்தைத் துண்டுகளாக வெட்டி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். உன் துண்டு உன்னிடம் மட்டும்தான். பரீட்சை முழுப் பாடத்துக்கும், தனித்தனியாக. திக்கித் திக்கி ஆங்கிலம் பேசும் பையனைக் கேலி செய்துகொண்டிருந்தால் அவனிடம் இருக்கிற துண்டு உனக்குக் கிடைக்காது. கேலி தானாகக் குறைந்து, அவனிடம் பொறுமையாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். ஜிக்சா முறை என்று இப்போது எல்லா ஆசிரியர் பயிற்சியிலும் சொல்கிறார்கள்.

மார்க் விஷயத்துக்கு ராபர்ட் ஸ்லேவின் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஒரு வழி சொன்னார். குழுவாகப் படி, தேர்வைத் தனியாக எழுது. உன் பழைய சராசரியைவிட எவ்வளவு கூடியிருக்கிறாயோ அதற்கேற்ற புள்ளிதான் குழுவுக்குப் போகும். எப்போதும் 35 வாங்குகிறவன் 50 வாங்கினால் குழுவுக்கு அவன்தான் ஹீரோ. கணக்கில் நான் இதைச் செய்கிறேன். வேலை அதிகம், ஒவ்வொருவரின் பழைய மார்க்கையும் வைத்துக்கொண்டு மல்லாட வேண்டும். பின்னங்கள் பாடத்தில் மட்டும் செய்வேன், வருஷம் முழுக்க முடியாது.

ஐயா, தனியாகப் படித்து எழுதும் திறமை வேண்டும் என்பதில் சண்டையே இல்லை. தன் வாயால் இன்னொருவனுக்குச் சொல்லிப் பார்க்கும்போதுதான் தனக்குப் புரிந்ததா என்று பிள்ளைக்கே தெரிகிறது, அதற்குத்தான் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்
சனி, இரவு 9.02

கயிறு உதாரணம் பிரமாதம். 50 பேர் இருக்கும் வகுப்பில், 40 நிமிடப் பீரியடில் இதைச் செய்து காட்டுங்கள். நான் வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறேன்.

கணக்கு டீச்சர்
சனி, இரவு 9.10

வாருங்கள் ஐயா. உங்களுக்கும் ஒரு துண்டு கொடுப்பேன்.

வடமராட்சியான்
ஞாயிறு, காலை 7.35

யாழ்ப்பாணத்திலும் இதே பிரச்சினைதான். பாடசாலையிலேயே புள்ளி போடுற பாடசாலை மட்டக் கணிப்பீடு எண்டு வந்த பிறகு ஒப்படைகள், உங்கட ப்ராஜெக்ட் மாதிரித்தான், கூடிப்போச்சு. என்ர மூத்தவள் தரம் 7 படிக்கேக்க, குழு ஒப்படைக்குப் படம் ஒட்டுறதுக்காக நாங்கள் நெல்லியடி ரவுணுக்கு எத்தினை தரம் ஓடினோம் எண்டு கணக்கில்லை. பிறகு ஒரு ரீச்சர் வந்தா. ஒப்படைக் கொப்பியை வீட்ட கொண்டுபோகவே விடமாட்டா. அலுமாரியில வைச்சுப் பூட்டிப்போடுவா. கடையில வாங்கிற சாமானும் கூடாது எண்டு சொல்லிப்போட்டா. அவவின்ர வகுப்பு ஒப்படைகள் பாக்க வடிவில்லை. கண்காட்சிக்கு ஒண்டும் தெரிவாகேல்லை. பிள்ளைகள் மட்டும் அதைப் பற்றி வீட்ட வந்து கதைச்சுக்கொண்டே இருந்தவை.

நித்யமல்லி
ஞாயிறு, இரவு 9.50

எல்லாருக்கும் நன்றி. எட்டாவது பி தம்பி எழுதியதை மகளிடம் படித்துக் காட்டினேன். அதிலேயே ஒரு பூகம்பம்.

அந்த இரண்டு பிள்ளைகளும் எழுத வந்தார்களாம், இவள்தான் விடவில்லையாம். "அவ 'ழ' போட்டா 'மு' மாதிரி இருக்கும்மா" என்றாள். அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பக்கத்தில்தான் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். "நீயே எழுதிடு, அழகா இருக்கும்" என்று சொன்னது நான்தான் என்று மகள் ஞாபகப்படுத்தினாள். எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன்.

அப்புறம் அந்தப் பையன். அவன் அப்பாவுக்கு இஸ்திரி வண்டி. பள்ளி விட்டதும் இவன்தான் தேய்த்த துணி மூட்டைகளை சைக்கிளில் வைத்து வீடு வீடாகக் கொடுக்கிறான். எங்கள் குடியிருப்பின் பி பிளாக்குக்கும் வருவானாம். மகளுக்கு இதெல்லாம் முன்பே தெரியும். "அவன் இங்க வந்தா வாட்ச்மேன் அண்ணா மூட்டை எங்கேன்னு கேப்பாரும்மா, அதான் வரல போல" என்றாள், ரொம்ப சாதாரணமாக.

அவன் படிப்பது 25 சதவீத இட ஒதுக்கீட்டில், கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி. எங்கள் பள்ளியில் அப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரியும். யார் என்று யோசித்துப் பார்த்தது கிடையாது.

மிஸ்ஸைப் பார்க்கப் போகிறேன். ஆனால் என்ன கேட்பது என்று இப்போது குழப்பமாக இருக்கிறது.

சாக்பீஸ் தூள்
திங்கள், காலை 5.55

சகோதரி, மிஸ்ஸைக் குறை சொல்கிற மாதிரி போகாதீர்கள். அவருக்கு நாலு செக்‌ஷன் இருக்கும், மேலே ஒரு பிரின்சிபல் இருப்பார், அவருக்குக் கண்காட்சிக்கு அழகான மாடல் வேண்டும். இரண்டே விஷயம் கேளுங்கள். வேலையை வகுப்பிலேயே முடிக்க இரண்டு பீரியட் கொடுக்க முடியுமா? ஆளுக்கு ஒரு பொறுப்பு என்று முன்னாலேயே எழுதி, அந்தப் பொறுப்புக்கு மட்டும் தனி மார்க் போட முடியுமா? பொறுப்பு என்றால் பார்டர் போடுவதைச் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் வேலை நிற்க வேண்டும், அப்படி ஒன்று. தனியாகச் செய்ய அனுமதி மட்டும் கேட்காதீர்கள். கொடுத்துவிடுவார்கள்.

கணினிக்காரன்
திங்கள், காலை 10.30

இதை என் மேனேஜருக்கு ஃபார்வர்ட் செய்யலாமா?

ஐந்தாவது ஆள்
திங்கள், இரவு 11.20

வாட்ச்மேன் விஷயத்தை இப்போதுதான் படித்தேன். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

நித்யமல்லி
மூன்று வாரம் கழித்து, சனி மாலை 6.15

கேட்டவர்களுக்காக மீதிக் கதை. மிஸ் முதலில் "எல்லாருக்கும் இதேதான் மேடம்" என்றார். அப்புறம் அவரே யோசித்து, அறிவியல் வேலையை வகுப்பிலேயே வைத்துக்கொண்டார். தலைப்பு, நீர் வடிகட்டி. அடிப்பக்கம் வெட்டிக் கவிழ்த்த பாட்டிலில் பஞ்சு, கரி, பொடி மணல், பெருமணல், கூழாங்கல் என்று அடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு அடுக்கு, அது எதற்கு என்று அவர்களே சொல்ல வேண்டும். ஒருவர் கொண்டுவராவிட்டால் அந்த அடுக்கு இல்லாமல்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று மிஸ் கறாராகச் சொல்லிவிட்டாராம்.

கரி யார் கொண்டுவருவது என்று பேச்சு வந்ததும் எல்லாரும் ஒரே ஆளைத்தான் பார்த்திருக்கிறார்கள். தெளியவைக்க அழுக்குத் தண்ணீர் வேண்டும் அல்லவா, அதையும் அவனே ஏரியிலிருந்து பிடித்து வந்தான். பாட்டிலில் 'கலிங்கல் தண்ணீர்' என்று எழுதி ஒட்டியிருந்தான். என் மகள் அது தப்பு, கலங்கல்தான் சரி, நம் சார்ட்டிலேயே இருக்கிறது என்று பிடித்துக்கொண்டாள். அவன் எங்கள் தெருவில் எல்லாரும் கலிங்கல் என்றுதான் சொல்வோம் என்றிருக்கிறான். மதிய இடைவேளை முழுக்க இதே சண்டை. கடைசியில் தமிழ் ஐயா வந்து இரண்டுமே உண்டு, கலிங்கு என்றும் சொல்வார்கள் என்றாராம். மகளுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

மார்க் தனித்தனியாக வந்தது. இவளுக்கு 15. பஞ்சு கொண்டுவர வேண்டிய பெண் அன்றைக்கு லீவு, அவளுக்கு 6. கரிக்கு 17. "என்னைவிட அவனுக்கு ரெண்டு ஜாஸ்தி" என்று சாப்பிடும்போது மூன்று தடவை சொல்லிவிட்டாள். நான் சாம்பார் ஊற்றினேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்
சனி, மாலை 7.00

அடுக்குக்கு ஒரு காரணம் சொல்ல வைத்தது நல்ல காரியம். கலிங்கல் சண்டை அதைவிட நல்லது.

சாக்பீஸ் தூள்
சனி, இரவு 7.40

சகோதரி, ஒரு சந்தேகம். எங்கள் பள்ளியிலும் இதே வடிகட்டியைச் செய்தோம். தண்ணீர் தெளிவதற்குப் பதில் கறுப்பாக வந்தது, பிள்ளைகள் சிரித்துத் தள்ளிவிட்டன. அங்கே எப்படி வந்தது?

நித்யமல்லி
சனி, இரவு 8.25

மகளிடம் கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பையனுக்கே போன் போட்டுக் கேட்டாள். கரியை இடித்து அப்படியே போடக் கூடாதாம். கறுப்பு போகும்வரை நாலைந்து தண்ணீரில் அலசிவிட்டுப் போடணுமாம்.